ஜெசிந்தா மேல் ஐந்து சந்தேகங்கள்

சாந்தோம்
6 அக்டோபர் 2025

திரு. பத்ரிநாராயணன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் யூடியூப் சேனலில் நான் எழுதிய நான்கு பின்னூட்டங்களையும் நீக்கிவிட்டீர்கள். போன் செய்தால் எடுப்பதில்லை. புத்தகம் வேண்டுவோர் எழுதலாம் என்று வீடியோவுக்குக் கீழே வீட்டு முகவரி போட்டிருக்கிறீர்கள். அதனால் பதிவுத் தபாலில் எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கியதைப் படிக்காமல் தூக்கிப் போட மாட்டீர்கள் என்று ஒரு நம்பிக்கைதான்.

என் பெயர் ஏஞ்சல். சாந்தோமில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். 1964 ஜூன் மாதம் சித்திரக்குளத்துப் பக்கம் உங்கள் பெரியப்பா டாக்டர் ஆராவமுதனை அவர் வீட்டிலேயே யாரோ குத்திக் கொன்றார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. நீங்கள் மட்டும் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு மணி நேரம் பேசியிருக்கிறீர்கள். 'மீன்காரி ஜெ.' என்று வாய்க்கு வாய் சொல்கிறீர்களே, அது என் அம்மா ஜெசிந்தா. வயது எண்பத்து மூன்று. உயிரோடு இருக்கிறார். இது தெரியுமா உங்களுக்கு?

வீடியோ வந்த பிறகு எங்கள் குப்பத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். போன வாரம் இரண்டு பேர் எங்கள் வாசலில் நின்று போனை நீட்டி, "இதுதான் அந்த வீடு" என்று பேசிக்கொண்டே படம் எடுத்தார்கள். அம்மா உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து வாசலுக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் வரமாட்டேன் என்கிறார். அறுபது வருடமாக அவர் உட்கார்ந்த பெஞ்சு காலியாக இருக்கிறது.

டிசம்பர் 14 தி.நகரில் புத்தக வெளியீடு என்று போட்டிருக்கிறீர்கள். அதற்குள் அம்மாவைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். அம்மா கொலைகாரி என்ற பெயரோடு சாகக் கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான்.

ஏஞ்சல்


மயிலாப்பூர்
11 அக்டோபர் 2025

திருமதி ஏஞ்சல் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கையால் எழுதிய கடிதம் வந்து எத்தனையோ வருடமாயிற்று. அதற்காகவே உடனே பதில் எழுதுகிறேன்.

உங்கள் தாயார் உயிரோடு இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் வந்து பேட்டி எடுத்திருப்பேன். உங்கள் மனம் புண்பட்டது புரிகிறது. ஆனால் நான் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவன் இல்லை. முப்பத்து நான்கு வருடம் இன்சூரன்ஸில் க்ளெய்ம் விசாரித்தவன். எரிந்த கடைக்குள் காலை வைத்ததும், தானாகப் பிடித்த தீயா, முதலாளி வைத்த தீயா என்று சொல்லிவிடுவேன்.

பெரியப்பா இறந்தபோது நான் ஐந்து மாதக் குழந்தை. அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர், எங்களோடு இருந்தவர். வீட்டில் யாரும் அந்தக் கொலையைப் பற்றிப் பேசியதே இல்லை. கேட்டால் அம்மா அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவாள். அப்பா வக்கீல். அவர் போன பிறகுதான் போலீஸ் மகஜரின் நகல் என் கைக்கு வந்தது. அதிலிருந்துதான் என் ஐந்து காரணங்களும்.

எங்கள் ஆத்தில் மீன் வாடையே ஆகாது. அப்படிப்பட்ட வீட்டின் கொல்லைப்பக்கம் ஒரு மீன்காரி மூன்று மாதம் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து போயிருக்கிறார். பின்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். இது முதலாவது. வந்தபோது கையில் கூடை இல்லை, ஆகவே விற்க வரவில்லை. இது இரண்டாவது. காயம் வளைந்த கத்தியால் ஆனது. வளைந்த கத்தி மீன் வெட்டுகிறவர்களிடம் இருக்கும். நான்காவதாக, கொலை நடந்த காலையில் கிணற்றடியில் நின்றிருந்தவர் அவர்தான், ரவிக்கை நனைந்திருந்தது. ரத்தத்தைக் கழுவாமல் வேறெதற்கு நனையும்? கடைசியாக, பதினோரு நாள் ஸ்டேஷனில் வைத்து விசாரித்தும் ஏன் அங்கே போனேன் என்று அவர் வாயைத் திறக்கவில்லை. குற்றமில்லாதவர் எதற்காக வாயை மூட வேண்டும்?

கூட்டிப் பாருங்கள். வேறு விடை வராது.

பத்ரிநாராயணன்


சாந்தோம்
15 அக்டோபர் 2025

திரு. பத்ரிநாராயணன் அவர்களுக்கு,

கூட்டிப் பார்த்தேன். எனக்கு வந்த விடையை எழுதினால் தபால்காரர் கொண்டுவர மாட்டார்.

ஐயா, நீங்கள் வாழ்நாளில் ஒரு தடவையாவது மீன் மார்க்கெட் பக்கம் போயிருக்கிறீர்களா? எங்கள் பெண்கள் மீன் வெட்டுவது அருவாமனையில். பலகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலால் அழுத்திக்கொண்டு, நிமிர்ந்து நிற்கிற அலகில் மீனைக் கொண்டுபோய் வெட்டுவார்கள். அலகு அப்படியே நிற்கும், மீன்தான் நகரும். உங்கள் கணக்குப்படி என் அம்மா முழங்கை நீளப் பலகையைத் தூக்கிக்கொண்டு கச்சேரி ரோடு வழியாக நடந்து வந்து, டாக்டரைக் கொஞ்சம் இப்படி வந்து சாயுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

கூடை இல்லையாம். காலை ஐந்து மணிக்குக் கட்டுமரமே கரைக்கு வந்திருக்காது, கூடையில் எதைப் போடுவார்? விற்க வரவில்லை, ஆகவே கொல்ல வந்தார் என்கிறீர்கள். மீன் விற்காத நேரத்திலெல்லாம் நாங்கள் கொலைதான் செய்துகொண்டிருக்கிறோமா? கொல்ல வந்தவர் எதற்காக மூன்று மாதம் தினமும் வந்து போனார், ஒத்திகைக்கா? குத்தியவர் ஓடாமல் எதற்குக் கிணற்றடியிலேயே நின்றார்? இப்படியா நீங்கள் க்ளெய்ம் விசாரித்தீர்கள்? எத்தனை பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டீர்களோ தெரியவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அம்மா ஏன் அந்த வீட்டுக்குப் போனார் என்று எனக்கும் தெரியாது. அப்பா இருந்தவரை கேட்டுப் பார்த்தார், அண்ணன் ஆரோக்கியராஜும் கேட்டுப் பார்த்தான். கேட்டால் எழுந்து போய்விடுவார். ஸ்டேஷனில் அடித்ததில் அவருடைய இடது கைக் கட்டைவிரல் இன்றும் மடங்காது. அந்தப் பதினோரு நாளுக்குப் பிறகு மயிலாப்பூர் தெருக்களில் அவரிடம் யாரும் மீன் வாங்கவில்லை. தலைச்சுமையோடு ராயப்பேட்டை வரை நடந்தார். அவ்வளவு அடிக்கும் வாயைத் திறக்காதவருக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். காரணம் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், கொலை என்று சொல்லாதீர்கள்.

ஏஞ்சல்


மயிலாப்பூர்
27 அக்டோபர் 2025

திருமதி ஏஞ்சல் அவர்களுக்கு,

தீபாவளி வேலைகளால் தாமதமாகிவிட்டது. அருவாமனை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். அந்தப் பத்தியைத் திருத்தச் சொல்லி அச்சகத்துக்கு எழுதிவிட்டேன். ஒரு காரணம் போனாலும் மற்றவை நிற்கின்றன.

முக்கியமாக ரவிக்கை. மகஜரில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்: 'கைகள் உலர்ந்திருந்தன. புடவை உலர்ந்திருந்தது. ரவிக்கையின் முன்பக்கம் மட்டும் இரண்டு இடங்களில் வட்டமாக நனைந்திருந்தது.' கிணற்றுத் தண்ணீர் தெறித்தால் புடவை நனையாமல் ரவிக்கை மட்டும் நனையுமா? கறை பட்ட இடத்தை மட்டும் தேய்த்துக் கழுவியிருக்கிறார், வேறென்ன?

என் மனைவி ஜானு இந்த வரியைப் படித்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு அப்போ கைக்குழந்தை இருந்துதோ?" என்று கேட்டாள். அதற்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம் என்றேன். அடுக்களைக்குப் போய்விட்டாள்.

கடைசியாக ஒன்று சொல்கிறேன். நான் பிடிவாதக்காரன் இல்லை. தினமும் எங்கள் வீட்டுக்கு ஏன் வந்தார் என்று உங்கள் தாயார் சொல்லட்டும். நம்பும்படி இருந்தால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடுகிறேன். இதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?

பத்ரிநாராயணன்


சாந்தோம்
3 நவம்பர் 2025

திரு. பத்ரிநாராயணன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். மற்றதையெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். வட்டமாக நனைந்திருந்தது என்ற இடம் வந்ததும் சட்டென்று திரும்பினார்.

"ரத்தமாமா? அங்க மாடில புள்ள கத்திகினு கீது, இங்க எனக்கு நெஞ்சு கட்டிகினு கீது. நேரம் தப்பிப்போச்சு. ஈரம் ஆவாம இன்னாடி ஆவும்?"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நான் விடவில்லை. எந்தப் பிள்ளை, யார் பிள்ளை என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு அழுதுகொண்டே சொன்னார். அறுபத்தொரு வருடத்தில் அவர் அப்படி அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

உங்களைப் பெற்ற ஒரு மாதத்தில் உங்கள் அம்மாவுக்கு டைபாய்டு வந்து பால் நின்றுபோனது. டின் பால் கொடுத்தால் நீங்கள் வாந்தி எடுத்தீர்கள். நாளுக்கு நாள் சுருங்கிப்போனீர்கள். உங்கள் பெரியப்பா குப்பத்துக்கு வைத்தியம் பார்க்க வருகிறவர். எங்கள் அண்ணன் பிறந்து அப்போது இரண்டு மாதம், அம்மாவுக்கு நிறையப் பால். டாக்டர் வந்து கேட்டார். அம்மா ஒத்துக்கொண்டார். வீட்டிலிருந்த பெரியவர்களுக்குத் தெரிந்தால் நடக்காது என்பதால் விடியும் முன் வரச் சொன்னார்கள். எங்கள் அப்பா அந்நேரம் கடலில் இருப்பார். டாக்டர்தான் தினமும் கொல்லைக் கதவைத் திறந்துவிடுவார். அம்மா குளித்துவிட்டு, துவைத்த துணி உடுத்திக்கொண்டு போவாராம். மீதி வேளைக்குக் கிண்ணத்தில் பீய்ச்சி வைத்துவிட்டு வருவாராம். உங்களுக்கு மீன் வாடை ஒத்துக்கொள்ளாதே என்று அந்த மூன்று மாதமும் மீனையே தொடவில்லையாம்.

அன்று கதவு திறக்கவில்லை. கிணற்றடியில் காத்துக்கொண்டு நின்றார். மாடியில் நீங்கள் பசியில் அழுதீர்கள். பிறகு வீட்டுக்குள் கூச்சல். போலீஸ் வந்தது. இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் உங்கள் அம்மாவிடம் கேட்டார். உங்கள் அம்மா உங்களைத் தோளில் போட்டுக்கொண்டு, தெரியாது என்று சொன்னார்.

அம்மா ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டீர்களே, இதுதான். முதல் நாளே உங்கள் அம்மா அவருடைய கையைப் பிடித்து உங்கள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். வெளியே சொன்னால் பிள்ளைக்கு ஆகாது. அந்தச் சத்தியத்துக்குப் பயந்துதான் பதினோரு நாள் அடி வாங்கினார். குப்பத்தில் மூன்று பெண்கள் மாறிமாறி அண்ணனுக்குப் பால் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அம்மா வெளியே வந்தபோது அவருக்குப் பால் வற்றிப்போயிருந்தது.

நம்பும்படி இருக்கிறதா?

ஏஞ்சல்


மயிலாப்பூர்
6 நவம்பர் 2025

திருமதி ஏஞ்சல்,

இது அபாண்டம். என் தாயார் இறந்து பதினேழு வருடமாகிறது. மடிசார் இல்லாமல் அடுக்களைக்குள் நுழையாதவள். கண்டவர் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவள். அவள் தன் குழந்தையை ஒரு... வேண்டாம், நான் எழுதவில்லை.

ஒரு கொலையிலிருந்து தப்பிக்க இப்படி ஒரு கதையா? சாட்சி எங்கே? சொன்னவர் உங்கள் தாயார், எழுதியவர் நீங்கள். இறந்துபோன இரண்டு பேரைச் சாட்சிக்கு இழுக்கிறீர்கள். இப்படி ஒரு க்ளெய்ம் என் மேசைக்கு வந்திருந்தால் இரண்டாவது பக்கம் திருப்பியிருக்க மாட்டேன்.

புத்தகம் சொன்ன தேதியில் வரும். இனி எனக்கு எழுத வேண்டாம்.

பத்ரிநாராயணன்


மயிலாப்பூர்
19 நவம்பர் 2025

ஏஞ்சல் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்ன நானே எழுதுகிறேன். பத்து நாளாகத் தூக்கம் இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மந்தைவெளியில் என் அத்தை பங்கஜம் இருக்கிறாள், பெரியப்பாவின் கடைசித் தங்கை. எண்பத்தாறு வயது. உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். உங்களைப் பொய்யர் என்று நிரூபிக்கத்தான் போனேன், அதையும் சொல்லிவிட வேண்டும். ஜானுவும் கூட வந்தாள். ஜெசிந்தா என்று ஒரு பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாயா என்று கேட்டேன். அத்தை ஜானுவைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"அவ பாலைக் குடிச்சுத்தான்டா நீ பொழைச்சே. மன்னி சொல்லப்படாதுன்னா, நாங்க வாயை மூடிண்டுட்டோம். போலீஸ்காரா அவளை இழுத்துண்டு போறச்சே நான் மாடி ஜன்னல்ல நின்னுண்டிருந்தேன்."

தெரிந்துமா சும்மா இருந்தாய் என்று கேட்டேன். ஒரு வாரம் நீ ராப்பகலாக அழுதாய், எங்களுக்கு அதைப் பார்ப்பதற்கே சரியாக இருந்தது என்றாள். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஜானு, "மகஜரைப் படிச்ச அன்னிக்கே நேக்குத் தோணித்து, சொன்னா நீங்க கேட்டுண்டிருப்பேளா?" என்றாள். கேட்டிருக்க மாட்டேன்.

அறுபத்தொரு வயதில் ஒரு மனிதனுக்கு இது தெரிய வேண்டுமா? என் ஐந்து காரணங்களையும் எடுத்து மறுபடியும் படித்தேன். ஏன் வந்தார், ஏன் கூடை இல்லை, ஏன் நனைந்தது, ஏன் பேசவில்லை, எல்லாவற்றுக்கும் நான்தான் பதில். அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது என்று வீடியோவில் நானே சொல்லியிருக்கிறேன். வந்தவரும் பிள்ளை பெற்ற பெண். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஆள் யார் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோதாகக் காரணம் தேடியிருக்கிறேன். மீன்காரி என்று படித்ததும் முடிவு செய்துவிட்டேன். இதைவிடக் கேவலமான விசாரணை என் சர்வீஸில் யாரும் செய்ததில்லை.

என்ன உறவு சொல்லி உங்களுக்கு எழுதுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வீடியோவை எடுத்துவிட்டேன். புத்தகத்தையும் நிறுத்திவிட்டேன். ஆனால் பார்த்தவர்கள் பார்த்தவர்கள்தானே, எடுத்துவிட்டால் மறந்துவிடுவார்களா? தி.நகர் கூட்டத்தை நடத்தலாம் என்று இருக்கிறேன். அங்கே எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்ல அனுமதி கொடுங்கள்.

பத்ரிநாராயணன்


சாந்தோம்
24 நவம்பர் 2025

பத்ரிநாராயணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணன் ஆரோக்கியராஜ் வெளியே போய் வலைமேல் உட்கார்ந்துகொண்டான். கூப்பிட்டால் திரும்பவில்லை. நானும் உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன், நான் எழுதியதையும் சேர்த்து. என்னை அடிக்கவே வந்துவிட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் அவராகவே கேட்டார், உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று. எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"அந்தப் புள்ள தலைல அடிச்சி சொன்னதுடி. நீ வாயத் தொறந்துட்ட. அதுக்கு எதுனா ஆச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

ஐயா, அந்தப் பிள்ளை நீங்கள்தான். அறுபத்தொரு வயது, பென்ஷன் வாங்குகிறவர். ராத்திரி எழுந்து உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறார், உங்களுக்காக. உங்களுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது ஒரு தடவை கச்சேரி ரோட்டில் பார்த்தாராம். உங்கள் அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாராம். புள்ள நல்லா வளந்துகினு கீதுன்னு பார்த்துட்டு வந்துட்டேன் என்றார். கோபம் வரவில்லையா என்று கேட்டால் என்னைப் பைத்தியம் மாதிரி பார்க்கிறார்.

கூட்டத்தில் சொல்லக் கூடாது என்கிறார். கொலைகாரி என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டுமாம், சத்தியம் உங்கள் தலையில் இருக்கிறதாம். நான் என்ன செய்ய? எனக்கு என் அம்மாவின் பெயர் வேண்டும். அவருக்கு நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஏஞ்சல்


மயிலாப்பூர்
15 டிசம்பர் 2025

அன்புள்ள ஏஞ்சல்,

நேற்று தி.நகர் கூட்டம் நடந்தது. எழுபது பேர் வந்திருந்தார்கள். கொலைகாரி யார் என்று கேட்க வந்தவர்கள். என் ஐந்து காரணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, அது ஏன் தப்பு என்று நானே சொன்னேன். அருவாமனை எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து காட்டினேன், எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுத்தார்கள். முன்வரிசையில் சிரித்தார்கள், சிரிக்கட்டும். அப்படியானால் டாக்டரைக் கொன்றது யார் என்று ஒருவர் கோபமாகக் கேட்டார். தெரியாது என்றேன். இந்த வார்த்தையை மேடையில் சொல்வது எனக்கு இதுதான் முதல் தடவை. இதற்காகவா அடையாறிலிருந்து வந்தேன் என்று எழுந்து போய்விட்டார்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஜெசிந்தா அம்மா சொல்லக் கூடாது என்றாரே. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார், கொல்ல வரவில்லை என்றால் அந்த மீன்காரி தினமும் எதற்கு அந்த வீட்டுக்கு வந்தாள் என்று. அந்தக் குரலில் இன்னும் சந்தேகம் இருந்தது. இந்த ஒரு கேள்வி இருக்கிறவரை அம்மா மேல் பழி போகாது என்று புரிந்தது. சத்தியம் என் தலையில்தானே இருக்கிறது, தலை என்னுடையதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய பால், யாருக்கு, எத்தனை மாதம் என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் கேட்டபோது என் அம்மா தெரியாது என்று பொய் சொன்னாள் என்றும் சொன்னேன். அந்தப் பெண்மணி ஜெசிந்தா, சாந்தோமில் இருக்கிறார், அவரிடம் நான் இங்கிருந்தே மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அத்தை பங்கஜத்தைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தோம். அவள் கையைத் தூக்கி, "நான் பார்த்தேன், நெஜம்தான்" என்றாள். என் அண்ணா பெண் மாளவிகா எல்லாவற்றையும் போனில் எடுத்திருக்கிறாள். முன்பு வீடியோ பார்த்தவர்கள் எல்லோருக்கும் இது போய்ச் சேரும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள். முடிந்த பிறகு நானும் ஜானுவும் சர்ச் வாசலில் நிற்கிறோம். பார்க்க விருப்பமில்லை என்றால் அப்படியே திரும்பிவிடுகிறோம்.

அதற்கு முன் ஒன்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள். நேற்று சாயங்காலம் ஆறரை மணிக்குச் சத்தியத்தை உடைத்தேன். ராத்திரி சாப்பிட்டேன், தூங்கினேன். காலையில் எழுந்து குளித்துவிட்டு இதை எழுதுகிறேன். சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது, அது முன்பே உள்ளது. மற்றபடி பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பத்ரி